பிறை பார்த்த சாட்சி

— அந்த போனை இப்படிக் குடு. பேசி முடிச்சதும் தர்றேன்.

— எதுக்குண்ணா? அவர் கூப்பிட்டா எடுக்கணுமே.

— அதுக்காகத்தான் கேக்குறேன். ஒரு சாட்சியை விசாரிக்கும்போது இன்னொரு சாட்சி நடுவுல பேசக் கூடாது. கோர்ட்டுல இருபத்திரண்டு வருஷமா குமாஸ்தாவா இருக்கேன், இதுகூடத் தெரியாதா எனக்கு.

— சாட்சி, விசாரணைன்னு என்னென்னமோ சொல்றீங்க. நான் உங்க கூடப் பொறந்தவ. அவர் உங்க தங்கச்சி புருஷன். அதுவும் வேன்ல ஒரு காலை வெச்சிட்டேன், அப்போ வந்து இறக்கி விட்டுட்டீங்க. அவர் தனியாக் கிளம்பிப் போயிருக்காரு.

— போகட்டுமே. மாப்பிள்ளை என்ன பச்சைப் புள்ளையா? இருபது வருஷம் ராத்திரி பஸ் ஓட்டினவரு. ஒரு நாள் நீ ஏறலைன்னா ஸ்கூல் வேன் நகராதா?

— வேன்ல ஒரு பொம்பளை இருக்கணும்னு ஸ்கூல்ல சட்டம் வெச்சிருக்காங்க. உங்க பாப்பாவும் அதுலதானே வர்றா.

— நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன். உக்காரு. அந்தத் தையல் மெஷின் மேல இருக்கிற துணியை எடுத்து அந்தப் பக்கம் வை.

— மணி என்ன ஆச்சு?

— மூணே கால்.

— மூணு நாப்பதுக்கு ஸ்கூல் விட்டுடும். அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்கண்ணா. அவர் தெருக்கோடி வரைக்கும்தான் போயிருப்பாரு, அங்க நின்னு எனக்காகப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. ஓடிப்போய் ஏறிக்கிறேன்.

— கேக்குறதுக்கு நேராப் பதில் சொன்னா மூணு நிமிஷம் போதும். சுத்தி வளைச்சா சாயந்தரம் வரைக்கும் இழுக்கும். இந்தா, இது நேத்து மாப்பிள்ளை சொன்னது. நானே எழுதிப் படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை சாயந்தரம், மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு புதுப் பிறையைப் பார்த்தேன். இதுதான் அவர் வாக்குமூலம். அன்னைக்கு நீயும் மேல இருந்தியா?

— இருந்தேன். துணி எடுக்கப் போயிருந்தேன்.

— குறிச்சுக்கிறேன். பிறை எப்படி இருந்துச்சாம்?

— அவர்தான் சொல்லியிருப்பாரே.

— உன்னைக் கேக்குறேன்.

— தோணி மாதிரி. ரெண்டு முனையும் மேல பார்த்து. மெலிசா, நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி. மேகம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, நடுவுல ஒரு இடைவெளி விட்டுச்சு. நான் நாப்பது எண்ணுற வரைக்கும் தெரிஞ்சது, அப்புறம் மூடிடுச்சு.

— இதை இப்போ நீயே படி.

— "பிறையின் இரண்டு முனைகளும் கீழ்நோக்கி, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருந்தது." அண்ணா, அது வாய் தவறி வந்திருக்கும்.

— வாய் தவறல. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் கவுந்துதான் இருந்துச்சுன்னாரு. சாயந்தரப் பிறை எங்கேயாவது கவுந்து நிக்குமா? வெளிச்சம் படுற பக்கம் எப்பவும் சூரியன் போன பக்கம்தான் இருக்கும். இத்தனை வருஷம் பிறை பார்த்தவருக்கு இது தெரியாதா?

— மறந்திருப்பாரு.

— கண்ணால பார்த்ததை மறப்பாங்களா? கதை கட்டினவன்தான் மறப்பான். நம்ம சபைத் தச்சர் அண்ணன் அன்னிக்கு ஆத்துப் பாலத்துல நின்னு பார்த்திருக்காரு. செவ்வாய்க்கிழமை பிறையே இல்ல, மேகம்தான், புதன்கிழமைதான் தெரிஞ்சதுங்கிறாரு. அவர் சொல்றது சரின்னா, பதினாலு நாள் எண்ணி, பஸ்கா பண்டிகை புதன்கிழமை சாயந்தரம். மாப்பிள்ளை சொல்றது சரின்னா நாளைக்கு. சபையில முப்பத்தியொரு குடும்பம், பண்டிகைக்குப் புளிப்பு இருக்கக் கூடாதுன்னு வீட்டுல ஈஸ்டைத் தேடித் தேடி வெளியில கொட்டிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கா, நாளான்னைக்கான்னு இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நான் சொல்லியாகணும்.

— தெரியாமத்தான் கேக்குறேன். ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா ஆண்டவர் கதவைச் சாத்திடுவாரா?

— நாளைக் குறிச்சது நான் இல்ல, அவரு. கேஸ் கட்டுல நான் ஒரு தேதியை மாத்தி எழுதினா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆண்டவர் எழுதின ஏழாம் நாள் ஓய்வைத் தூக்கி முதல் நாள் ஞாயித்துக்கிழமையில வெச்சானே, அவனை யாராவது கேட்டாங்களா? செதில் இல்லாத மீனைத் தின்னாதேன்னாரு. தின்னா என்னன்னாங்க. இந்தப் பண்டிகையெல்லாம் என்றைக்கும் நித்தியக் கட்டளைன்னாரு. நித்தியம்னா நித்தியம்தானே, வேற என்ன அர்த்தம்?

— அப்பா ஞாயித்துக்கிழமைதான் கும்பிட்டாரு. நண்டுன்னா அவருக்கு உயிர். அவரை உள்ள விட்டிருக்க மாட்டாங்களா?

— அப்பாவுக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு ஒரு நியாயம், தெரிஞ்சவனுக்கு ஒரு நியாயம்.

— அப்போ எனக்கும் தெரியாமலே விட்டிருக்கலாம் நீங்க.

— இது உன் பேச்சு இல்ல. மாப்பிள்ளை பேச்சு.

— அட போங்கண்ணா, எனக்குன்னு ஒரு வாயே கிடையாதா? நானும் படிக்கிறேன். பேதுருவுக்கு வானத்துல இருந்து ஒரு விரிப்பை இறக்கி, அதுல எல்லா ஜீவனும் இருந்துச்சே, அடிச்சுச் சாப்பிடுன்னுதானே சத்தம் வந்துச்சு?

— அது மனுஷனைப் பத்தின தரிசனம். எந்த மனுஷனையும் தீட்டுன்னு ஒதுக்காதேன்னு அர்த்தம். அவரே அப்படித்தான் விளக்கம் சொல்றாரு, அடுத்த பக்கத்தையும் படிக்கணும்.

— சரி, பவுலு? சாப்பாட்டை வெச்சும் பண்டிகையை வெச்சும் புதுப் பிறையை வெச்சும் ஓய்வு நாளை வெச்சும் ஒருத்தரும் உங்களைக் குத்தவாளியாக்க விடாதீங்கன்னு எழுதினாரே. புதுப் பிறைன்னு பேரைச் சொல்லியே எழுதியிருக்காருண்ணா. இப்போ நீங்க பண்றது அதுதானே?

— ஆசரிக்கிறவங்களை ஆசரிக்காதவன் குத்தம் சொல்லக் கூடாதுன்னு அர்த்தம்.

— எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உங்க பக்கமே விழுது.

— சிரிக்காதே. நான் விளையாட வரல. போன் அடிக்குது. மாப்பிள்ளைதான்.

— குடுங்கண்ணா. ஒரே நிமிஷம்.

— கட் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிறதுக்கா தனித்தனியா உக்கார வெச்சேன்? அடுத்தது. போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை எங்க போனீங்க?

— சனிக்கிழமை... வீட்டுலதான்.

— நேராச் சொல்லு.

— ஒரு வேலையா வெளியில போனோம்.

— ஓய்வு நாள்ல. தச்சர் அண்ணன் சம்சாரம் பார்த்திருக்காங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடிக் கட்டடம், கீழே ஹோட்டல். வாசல்லயே பன்னிக்கறி, இறால்னு பெருசா எழுதி வெச்சிருக்கான். நீயும் மாப்பிள்ளையும் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனீங்களாம். கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் கழிச்சு நடுத்தெருவுல கையைப் பிடிச்சுக்கிட்டு.

— படி செங்குத்தா இருந்துச்சு, அதான் பிடிச்சேன். ஹோட்டலுக்குப் போகலண்ணா. மேல் மாடிக்குப் போனோம்.

— மேல என்ன இருக்கு?

— கண்ணு ஆஸ்பத்திரி. எனக்குக் கண்ணு காட்டப் போனோம்.

— உனக்கா? நேத்து நான் உள்ள வரும்போது நீ ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தே, ஒரே குத்துல. அந்தக் கண்ணுக்கு ஆஸ்பத்திரியா?

— தலைவலி இருந்துச்சு.

— குறிச்சுக்கிறேன். இரு, சமையல்கட்டை ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்.

— ஈஸ்ட் எல்லாம் எப்பவோ கொட்டியாச்சு. அலமாரியை ஏன் கலைக்கிறீங்க? மேல் தட்டுல கை வைக்காதீங்கண்ணா, அங்க ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லாத இடத்துல இது என்ன டப்பா?

— சத்து மாத்திரை.

— கேப்சூல். இந்தக் கூடு எதுல செய்றான்னு தெரியுமா உனக்கு? பன்னித் தோலைக் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின். போன வருஷம் சபையில இதைப் பத்தி முக்கா மணி நேரம் பேசியிருக்கேன். மாப்பிள்ளை முதல் வரிசையில உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டாரு. டப்பா மேல அவர் பேருதான் போட்டிருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதியிருக்கு.

— டாக்டர் எழுதிக் குடுத்தாரு. மாட்டு ஜெலட்டினாக்கூட இருக்கலாம்.

— இருக்கலாமா? விசாரிச்சியா? விசாரிக்கல. தலையை ஆட்டிட்டு வந்து வீட்டுல இதை முழுங்குறாரு. இப்போ ஒவ்வொண்ணா வெளியில வருது பாரு. ஓய்வு நாளை மீறியாச்சு. தீட்டுள்ளதைத் தின்னாச்சு. பார்க்காத பிறையைப் பார்த்தேன்னு கையெழுத்தும் போட்டாச்சு. நான் கேக்குறது ஒண்ணுதான். மாப்பிள்ளை மறுபடியும் பழைய சர்ச்சுக்குப் போறாரா?

— இல்ல.

— பின்ன வேற எங்கேயாவது?

— அவர் எங்கேயும் போகல. நீங்க மேடையில ஏத்தி, இவர்தான் நம்ம சபைக்குப் பிறை பார்க்கிறவர், ராத்திரி பஸ் ஓட்டின கண்ணு, கழுகுக் கண்ணுன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு இன்னைக்கும் உயிர் வாழ்றாரு. மணி என்னண்ணா?

— மூணு இருபத்தெட்டு. மறுபடியும் அடிக்குது.

— கும்பிட்டுக் கேக்குறேன், எடுங்க. நீங்களாவது எடுத்துப் பேசுங்க. கோடியிலேயே நில்லுங்கன்னு மட்டும் சொல்லுங்க.

— கட் பண்ணியாச்சு. ஏன் இப்படிப் பதறுறே? கோடியில நின்னா என்ன, போனா என்ன? ஸ்கூல் வரைக்கும் நேர் ரோடு.

— போறதுக்கு நேர் ரோடுதான். திரும்பி வரும்போது ஒருவழிப் பாதை. மார்க்கெட்டைச் சுத்தி, நாலு சிக்னல் தாண்டி வரணும்.

— அவர் பார்க்காத சிக்னலா? நீ பேச்சை மாத்துறே. எட்டு மாசம் முன்னாடி வரைக்கும் வீட்டுல உக்காந்து தைச்சுக்கிட்டு இருந்தவ. உன் கைக்கு எவ்வளவு துணி வந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு திடீர்னு வேன்ல ஏறினே. காலையிலயும் சாயந்தரமும் அவர் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டுப் போறே. வேன்ல வேலை பார்த்த அந்தப் பொம்பளையை நிறுத்திட்டு நீதான் வருவேன்னு ஸ்கூல்ல போய்ச் சண்டை போட்டியாமே. மாப்பிள்ளை மேல உனக்கே ஏதோ சந்தேகம், அதனாலதான் கூடவே போறேன்னு உங்க அண்ணி சொல்றா.

— அண்ணிக்கு என்ன தெரியும்.

— யாருக்குமே ஒண்ணும் தெரியாதபடி நீங்க ரெண்டு பேரும் நடந்துக்கிறீங்க. அதைத்தான் சொல்றேன். கேளு. நான் இவ்வளவு கறாரா இருக்கிறது உங்களுக்கெல்லாம் கேலியா இருக்கும். பாப்பா பொறந்து ஒன்பதாவது நாள் ஞாபகம் இருக்கா?

— இருக்கு. நான்தானே உங்க கூட இருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழாயோட கிடந்தா.

— டாக்டர் வந்து, வீட்டு ஆளுங்களைக் கூப்பிட்டுக்கங்கன்னாரு. நான் அந்த வராண்டாவுல முட்டி போட்டேன். இந்தப் புள்ளையைக் குடுத்துடும், நீர் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட விட மாட்டேன்னு சொன்னேன். காலையில கண்ணைத் தொறந்து பார்த்தா. ஏழு வருஷம் ஆச்சு. ஒரு எழுத்தையும் விடல. ஆபீஸ்ல சனிக்கிழமை வர மாட்டேன்னு சொல்லி, வரவேண்டிய பதவி போச்சு. சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்குப் போறதில்ல. பைத்தியம்னு முதுகுக்குப் பின்னாடி பேசுறாங்க, பேசட்டும். ஒரு பண்டிகையைத் தப்பான நாள்ல வெச்சுட்டோம்னா, எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அவ மூச்சு விடுறாளான்னு எழுந்திரிச்சுப் போய்ப் பார்ப்பேன். இப்பவும் பார்க்கிறேன்.

— அண்ணா, அந்தப் புள்ளையை அவர் குடுத்தது உங்க பேரத்துக்காகன்னா நினைக்கிறீங்க? நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலும் குடுத்திருப்பாரு. அவர் அப்படிப்பட்டவர்னுதான் நான் நம்பிக்கிட்டு இருக்கேன். உங்களுக்காகத்தான் நானும் இதெல்லாம் கடைப்பிடிச்சேன். நீங்க பயந்துபோய் இருந்தீங்க, உங்களைத் தனியா விட மனசு வரல.

— பயம் இல்ல, பக்தி.

— எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சரி, உண்மையைச் சொன்னா என்னை விடுவீங்களா? இப்பவே எழுந்திரிச்சுப் போக விடுவீங்களா?

— சொல்லு.

— செவ்வாய்க்கிழமை பிறை இருந்துச்சு. நிஜமா இருந்துச்சு. தொட்டி மேல ஏறிப் பார்த்தது நான். அவர் கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் பார்த்ததை அவருக்குச் சொன்னேன், அவர் வந்து உங்ககிட்ட சொன்னாரு. தோணி மாதிரின்னுதான் சொல்லி அனுப்பினேன், நீங்க எழுதி எழுதிக் கேட்டதுல பயந்துபோய் மாத்திச் சொல்லிட்டாரு. நாளைக்குத்தான் பஸ்கா. உங்க நாள் சரியாத்தான் இருக்கு. நான் வரட்டுமா?

— நில்லு. இந்த மாசம் மட்டுமா?

— ஒரு வருஷமா.

— ஒரு வருஷமா. ஒரு வருஷத்துப் பண்டிகை பூரா ஒரு பொம்பளை எட்டிப் பார்த்ததை வெச்சா நடந்திருக்கு? ரெண்டு ஆம்பளைங்க தன் கண்ணால பார்த்து, தன் வாயால சொல்லணும்னு சபையில முடிவு பண்ணி வெச்சிருக்கோம்.

— ஆண்டவரோட கல்லறை காலியா இருக்குன்னு முதல்ல பார்த்துட்டு வந்து சொன்னது யாருண்ணா? பொம்பளைங்கதானே. அதை நம்பித்தானே நீங்கல்லாம் இங்க உக்காந்திருக்கீங்க. நிலா இருந்துச்சு, நான் பார்த்தேன். அது ஆம்பளை பார்த்தாத்தான் உதிக்குமா?

— வார்த்தைக்கு வார்த்தை. சரி, அதை விடு. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மனுஷன் அண்ணாந்து பார்க்கிறதுக்கு என்ன கேடு? சோம்பலா? நம்பிக்கை போயிடுச்சா? அவ்வளவு இளக்காரமாப் போச்சா ஆண்டவர் நிலா? நாலு படி ஏறிப் பார்க்க முடியாதா? ஏன் அவர் பார்க்கல, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ.

— அது அவர் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்னு அவர் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்.

— சத்தியம் பண்ணவே கூடாதுன்னு இருக்கு, அதையும் மீறியாச்சா? பதில் வராம நீ இந்த வாசலைத் தாண்ட முடியாது.

— மணி நாலாகப் போகுதுண்ணா. நீங்க பேசிப் பேசியே நாலாக்கிட்டீங்க. அவர் கோடியில நிக்கிறாரா இல்லையான்னு மட்டும் எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. உங்களை வேற ஒண்ணும் கேக்கல.

— இரு, மறுபடியும் அவரே கூப்பிடுறாரு. நானே எடுத்து அவர்கிட்டயே கேட்டுடுறேன். ஹலோ, மாப்பிள்ளை... யாரு, பாப்பாவா? மாமா போன்ல நீ எப்படிடா? இரு இரு, அத்தைக்கும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போடுறேன். இப்போ சொல்லு.

— அப்பா, நான் இன்னைக்கு அத்தை சீட்டுல உக்காந்திருக்கேன். முன்னாடி! மாமாதான் வந்து உக்காருன்னாரு. அத்தைக்கு போன் போடுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு, நீங்க எடுக்கவே இல்ல.

— வேன் எங்கடா போகுது?

— மார்க்கெட் தாண்டிட்டோம். நாங்க ஒரு விளையாட்டு விளையாடுறோம்ப்பா. சிக்னல் வந்தா சிவப்பா பச்சையான்னு நான் மாமாவுக்குச் சொல்லணும். முன்னாடி லாரி இருக்கா, ஆள் யாராவது நடக்கிறாங்களான்னும் சொல்லணும். ரெண்டு சிக்னல் கரெக்டாச் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் தப்பாச் சொல்லிட்டேன், எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க.

— உங்க மாமாவுக்கு வேற வேலை இல்லை போ. பார்த்தியா தங்கச்சி, நான் இங்க நாள் தெரியாம மண்டையைப் பிச்சுக்கிறேன், இந்த மனுஷன் குழந்தைகளோட விளையாடிக்கிட்டு இருக்காரு. ஏன் போன் மேல பாயுறே?

— போனை வெச்சிடாதீங்கண்ணா, அவளைப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, இடது பக்கம் ஆள் இல்லையான்னு பார்த்து மாமாவை மெதுவா ஓரமா நிறுத்தச் சொல்லுங்க, அது விளையாட்டு இல்ல, அவர் ஏன் நிலாவைப் பார்க்கலைன்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் அதுதான்.